மைக் அணைந்த பிறகு

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1976ஆம் ஆண்டு இளங்கலை இயற்பியல் முடித்து, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சங்கம் பேச அழைத்தது என்னை அல்ல. 1979இல் இதே கல்லூரியில் தமிழ் இலக்கியம் முடித்து, வானொலி அறிவிப்பாளராக இருந்து, 2018இல் ஓய்வு பெற்ற என் மனைவியைத்தான். செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். அதற்கு அவங்க சொன்ன பதில் இது: "முப்பத்திரண்டு வருஷம் ஆள் இல்லாத அறையில உக்காந்து பேசியே பழகிட்டேன் சார். எதிர்ல ஆள் இருந்தா எனக்குப் பேச்சு வராது. இவரைக் கூட்டிட்டுப் போங்க. இவருக்கு ஆள் இருந்தாத்தான் பேச்சு வரும்." அப்படித்தான் இந்த மேடை எனக்குக் கிடைத்தது. அவங்க மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், எழுந்து போய்விடுவார்கள்.

எந்த நிலையம் என்று சொல்லக்கூடாது என்பது வீட்டில் உத்தரவு. தென் மாவட்டத்தில் ஒரு வானொலி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது ஒலிபரப்பைப் பற்றி அல்ல. அதை நீங்களே கேட்டிருப்பீர்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறார் என்பது பற்றி. அதில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு.

காலை ஒலிபரப்பு தொடங்கும்போது ஒரு வயலின் இசை வருமே, நினைவிருக்கிறதா? வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பிய யூதர், ஹிட்லருக்குத் தப்பி பம்பாய்க்கு வந்தவர், 1930களில் அமைத்துக் கொடுத்த மெட்டு. அது முடிந்ததும் வந்தே மாதரம், அப்புறம் மங்கள இசை. ஊரே அதைக் கேட்டுத்தான் கண் விழித்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஊர் விழிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒருவர் விழித்திருக்க வேண்டும் இல்லையா? எங்கள் வீட்டில் காலை முறை வரும் வாரங்களில் மூன்றரை மணிக்கு அலாரம். ஒன்றல்ல, இரண்டு கடிகாரம். ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில், இன்னொன்று சமையலறையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் மேல். அந்தத் தாம்பாளம் அதிரும் சத்தத்துக்கு மாடி வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார். ஐந்து மணிக்கு அவங்க நிலையத்தில் இருந்தாக வேண்டும். அதனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் விளக்கை அணைத்துவிடுவோம். சொந்தக்காரர்கள் சாயங்காலம் வந்தால் ஏழரைக்கே கொட்டாவி விட்டு அனுப்பிவைக்கும் குடும்பம் என்று எங்களுக்குப் பெயர்.

தொண்டை விவகாரம் தனி. ஐஸ் தண்ணீர் கிடையாது, இரவில் தயிர் கிடையாது, தாளிப்புப் புகை ஆகாது. எனக்கு ஜலதோஷம் வந்தால் நான் கூடத்துக்குக் குடிபெயர வேண்டும். ஒரு தடவை பத்து நாள் கூடத்திலேயே கிடந்தேன். என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

அறிவிப்பாளர் வேலை என்றால் எழுதிக் கொடுத்ததை வாசிப்பது என்றுதான் நானும் கல்யாணத்துக்கு முன்னால் நினைத்திருந்தேன். ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு கையில் நிகழ்ச்சிக் குறிப்புத்தாள், இன்னொரு கை ஒலியை ஏற்றி இறக்கும் குமிழில். இசைத்தட்டைச் சரியான இடத்தில் ஊசி வைத்துத் தயாராக வைக்க வேண்டும். ஒலிநாடா தீர நாற்பது விநாடி இருக்கும்போதே அடுத்தது தயாராக வேண்டும். பேச்சு முன்கூட்டியே முடிந்துவிட்டால் இடைவெளிக்கு வாத்திய இசை போட வேண்டும். எல்லாவற்றையும் பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவசரமே இல்லாத மாதிரி "நேரம் ஆறு மணி முப்பது நிமிடம்" என்று சொல்ல வேண்டும். அந்த அறையில் பெரிய குற்றம் தப்பாகப் பேசுவது இல்லை, மௌனம்தான். ஐந்து விநாடி சத்தம் வராவிட்டால் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

இந்தக் கடிகாரம் மண்டைக்குள் ஏறிவிட்டால் வீட்டிலும் இறங்காது. நான் "ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்றால் நூற்றிருபது விநாடி. அதற்கு மேல் ஆனால் முகம் மாறிவிடும். ஆனால் பாருங்கள், ஸ்டூடியோவில் குற்றமாக இருந்த அந்த மௌனம்தான் வீட்டில் அவங்களுக்கு மருந்து. வந்ததும் ஒரு மணி நேரம் பேசமாட்டார்கள். கோபம் இல்லை, வருத்தம் இல்லை, சும்மா பேசமாட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன ஒருவனுக்கு இதைப் புரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. நாம் குரலை வைத்து ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்கிறோம். நிஜத்தில் அந்த ஆள் வேறு மாதிரி வாழ்கிறார். தில்லியிலிருந்து காலை 7.15 செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தமிழைக் கேட்டவர்கள் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ பிறந்து வளர்ந்தவர் என்றுதான் நினைத்தோம். அவர் பிறந்தது பம்பாயில், வேலை பார்த்தது தில்லியில். 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானார். தினமும் காலையில் நம் வீட்டுக்குள் வந்த குரல், வாழ்ந்ததெல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால்!

பூர்ணம் விஸ்வநாதனை இன்றைய மாணவர்கள் 'வருஷம் 16' படத்துத் தாத்தாவாகப் பார்த்திருக்கலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் அவர். அரசாங்க வானொலியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் நாடகம். பின்னாளில் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றியவரும் அவர்தான். தென்கச்சி கோ. சுவாமிநாதன் விவசாயம் படித்தவர். 'இன்று ஒரு தகவ'லில் சிரிக்காமல் அவர் சொன்ன கதைக்குச் சிரித்தவர்கள் பலருக்கு, விவசாய நிகழ்ச்சிகள் வழியாக வானொலிக்கு வந்த மனிதர் அவர் என்பது தெரியாது. விவசாய நிகழ்ச்சி என்றால் லேசாக நினைக்காதீர்கள். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல்லை வானொலி அப்படிப் பரப்பியது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தியில் அமீன் சயானி. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' வழியாக நாடு முழுக்கத் தெரிந்தவர். நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து, ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு 25 ரூபாய்தான் சம்பளம். அந்தப் புகழின் உச்சத்தில், 1960 முதல் 62 வரை, டாடா எண்ணெய் ஆலைக் கம்பெனியில் ஹமாம் சோப்பு விற்பனையைக் கவனிக்கும் அதிகாரியாகவும் இருந்திருக்கிறார். காலையில் ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர் எப்படி வேலை பார்த்தாரோ! 2024 பிப்ரவரியில் காலமானார்.

இலங்கை வானொலி என்று சொன்னதுமே இங்கே என் வயதுக்காரர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். கே.எஸ். ராஜா. அந்த வேகத்தில் மூச்சு விடாமல் தமிழ் பேச முடியும் என்று விடுதியில் நாங்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறோம். அப்படிச் சிரிப்பும் துள்ளலுமாக நமக்கு வந்த குரலின் சொந்தக்காரர் 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். நமக்குப் பாட்டு வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் மனிதர்கள் எந்தச் சூழ்நிலையில் வாழ்ந்தார்கள் என்று நாம் யோசித்தோமா? நான் யோசித்ததில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எங்கள் மகள் 1987இல் பிறந்தாள். காலை முறை என்றால் அவள் எழும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள், ரேடியோவில் இருப்பாள். நான்தான் பல் தேய்த்துவிட்டு, பால் கொடுத்து, ரேடியோவைப் போடுவேன். மூன்று வயதில் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா எல்லாருக்கும் வணக்கம் சொல்றா. எனக்கு மட்டும் சொல்லவே மாட்டேங்கறா." அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தார்கள். மறுநாள் காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால் அரை விநாடி நின்றார்கள். கேட்ட யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

தீபாவளி, பொங்கல் எதிலும் காலையில் அவங்க வீட்டில் இருந்ததாக நினைவில்லை. கங்கா ஸ்நானம் ஆச்சா என்று ஊரைக் கேட்கும் குரல், ராத்திரி ரெண்டரைக்கே எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்பிப் போன குரல்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் அவங்களுக்குக் காலை முறை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, தெருவில் நாய்கூட இல்லை. என் டி.வி.எஸ். 50இல் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வழியில் போலீஸ் மறித்தார்கள். நான் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவங்க, "வானொலி நிலையத்துக்குப் போறோம்" என்று ஒரு வாக்கியம் சொன்னார்கள். அந்தக் காவலர் விளக்கை இறக்கிவிட்டு, "நீங்களாம்மா? போங்க" என்றார். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு.

அன்று அடுத்த முறைக்கு வர வேண்டியவரால் வர முடியவில்லை. வழக்கமான நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து. வீணை, ஷெனாய், நடுவில் தில்லிச் செய்தி, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வரி அறிவிப்பு. அவ்வளவுதான் நாள் முழுக்க. அந்த இரண்டு வரியை எப்படிச் சொல்வது என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "துக்கம் தெரியணும், ஆனா நான் அழற மாதிரி இருக்கக்கூடாது. கேக்கறவங்க பயந்துடுவாங்க" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு நான் போய் அழைத்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டார்கள்: "அந்த ஃபேனை நிறுத்துங்க." மே மாதம். சத்தம் போடும் பழைய ஃபேன். நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். குழந்தை மடியிலேயே தூங்கிப்போனாள். பதினாறு மணி நேரம் ஊருக்கு ஆறுதலாக இருந்துவிட்டு வந்தவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை.

இனி கடிதங்கள். இது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். அந்த நிலையத்தில் அன்றைக்கு அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆகவே பெயர் இல்லாமலே கடிதம் வரும். "காலையில் வணக்கம் சொல்லும் அம்மாவுக்கு" என்று ஒன்று. "சளி பிடித்திருக்கும் சகோதரிக்கு" என்று ஒன்று. உள்ளே சுக்கு, மிளகு, திப்பிலி பொட்டலம். கல்யாணப் பத்திரிகைகள் மஞ்சள் தடவி வரும். கடலோரக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், மீனவர்களுக்கான புயல் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு நன்றி என்று எழுதி, தன் மகளுக்கு எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று யோசனையும் கேட்டிருந்தார். முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டு யோசனை கேட்கிறார் என்றால், அவருக்கு அந்தக் குரல் என்னவாக இருந்திருக்க வேண்டும்!

ஓர் அம்மாள் மாதம் தவறாமல் எழுதினார்கள். கணவர் படுத்த படுக்கை. காலையில் ரேடியோவில் வணக்கம் கேட்டதும் அவரும் கை தூக்கி வணக்கம் சொல்வாராம். ஒரு நாளைக்கு அவர் கை தூக்குவது அந்த ஒரு தடவைதானாம். என் மனைவி அதற்குச் சொந்தச் செலவில் 15 பைசா கார்டில் பதில் போடுவார்கள். நான்தான் பெட்டியில் சேர்ப்பேன். சில வருஷம் இப்படியே போனது. கடைசியாக வந்த கார்டில் இரண்டே வரி. அவர் போய்விட்டார், இனி ரேடியோ எதற்கு என்று மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு கடிதம் இல்லை. அந்த கார்டை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறார்கள்.

2009இல் தொண்டை கட்டியது, இறங்கவே இல்லை. குரல் நாணில் சிறு முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆசிரியர்கள், பாடகர்கள், காய்கறி கூவி விற்பவர்கள், இப்படிக் குரலை அதிகம் செலவழிக்கிறவர்களுக்கு வருவதுதானாம். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. மகளுடைய பழைய சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்கள். "உப்பு கம்மி" என்று எழுதி அடிக்கோடு வேறு. நிலையத்துக்கு எங்கே அந்தக் குரல் என்று விசாரணை வந்துகொண்டிருந்ததாம். வீட்டில் நான் கவனித்தது வேறு. அந்த மூன்று வாரத்தில் அவங்க ரேடியோவைப் போடவே விடவில்லை. பயிற்சியும் ஓய்வுமாக ஆறு வாரத்தில் குரல் திரும்பி வந்தது. மேல் ஸ்தாயி மட்டும் கொஞ்சம் குறைந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அவங்க நம்புகிறார்கள்.

மாணவர்கள் நான்கைந்து பேர் காலையில் என்னிடம் வந்து, வானொலிக்கோ டி.வி.க்கோ போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். என் மனைவியிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னதை வைத்துப் போகாதீர்கள் என்பது அவங்க முதல் வார்த்தை. இரண்டாவது பணம் பற்றியது. அரசு நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு மாதத்துக்கு ஆறு நாள் அளவில்தான் வேலை. வந்த நாளுக்குத்தான் ஊதியம்; பென்ஷன் கிடையாது. எங்களுக்குக் கல்யாணமான 1984இல் அவங்களும் அப்படித்தான் இருந்தார்கள். இருபது வருஷம் அப்படியே இருந்து, நிரந்தரம் ஆகாமலே முடி நரைத்தவர்களையும் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்த குரல், மளிகைக் கடையில் கடன் சொல்லி நிற்கும். ஆகவே கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும்.

தனியார் பண்பலை நிலையங்கள் நம் நாட்டில் 2001இல் வந்தன. அங்கே இளைஞர்களுக்கு வாய்ப்பு உண்டு, பெயர் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அன்றைக்கு மைக்கை அணைத்தால் வேலை முடிந்தது. தெருவில் யாருக்கும் முகம் தெரியாது, நிம்மதியாகக் கத்தரிக்காய் பேரம் பேசலாம். இன்றைக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகும் சாப்பிட்டதை, போன இடத்தை, குழந்தையின் பிறந்த நாளைப் படம் பிடித்து நேயர்களுக்குப் போட வேண்டியிருக்கிறது. என் மகளின் தோழி ஒருத்தி அந்த வேலையில் இருக்கிறாள். காய்ச்சலில் படுத்திருக்கும்போதுகூடப் போனைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த அந்த ஒரு மணி நேர மௌனம் அவளுக்கு எப்போது கிடைக்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

கடைசியாக, சங்கத்திடமும் உங்களிடமும் ஒரு விண்ணப்பம். 2018இல் பணி நிறைவு விழா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருஷம் பேசியிருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்தக் குரலின் ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை. நேரடியாகச் சொல்லும் அறிவிப்பை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. பதிவு செய்த நிகழ்ச்சிகளிலும் பலவற்றின் ஒலிநாடாவை அழித்து, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். பேரன் கேட்கிறான், "பாட்டி ரேடியோவுல எப்படிப் பேசுவாங்க?" சமையலறையில் பேசுவதைக் கேட்டால் தெரியாது. அது வேறு குரல்.

ஆனால் நம்மில் பலர் ரேடியோவிலிருந்து கேசட்டில் பாட்டுப் பிடித்திருக்கிறோம். அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் டக்கென்று பட்டனை அமுக்கிவிடுவோம். எல்லோரும் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. சில கேசட்டில் பாட்டுக்கு முன்னால் ஒரு வரி, பின்னால் அரை வரி கட்டாயம் மாட்டியிருக்கும். 1986 முதல் 2000 வரை தென் மாவட்டங்களில் பிடித்த கேசட் யாரிடமாவது பரணில் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொடுங்கள், நாடா அறுந்துவிடும். உறையின் மேல் உங்கள் பெயரும், எந்த ஊரில் எந்த வருஷம் பிடித்தது என்பதும் எழுதினால் போதும். என் மனைவியின் குரல்தான் வேண்டும் என்றில்லை, எந்த அறிவிப்பாளர் குரலாக இருந்தாலும் சரி. கணினியில் ஏற்றிவிட்டு, கேசட்டை உங்களிடமே திருப்பி அனுப்பிவைப்பேன். அஞ்சல் செலவு என்னுடையது. சங்க அலுவலகத்தில் என் பெயருக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.